வாயாடிப் பூனையும் வளர்ப்போர் கடமையும்

விடியலிற் கூவித் தன் துயிலைக் கெடுத்த சேவலைச் சினந்து பேசும் தலைவி ஒருத்தியைக் குறுந்தொகையின் 107ஆம் செய்யுளிற் காண்கின்றோம். பாடியவர் மதுரைக் கண்ணனார். அச்சேவல் பூனையின் வாய்ப்பட்டு அழிதல் வேண்டும் என்பது அவள் இடும் சாபம். சேவல் செய்த பிழைதான் யாது? பொழுது புலருங்கால் கூவுதல் அதன் இயல்பு. ஆயினும் உறக்கம் இழந்தார்க்கு இயல்பென்றும் பிழையென்றும் பிரித்துப் பார்க்கும் பொறுமை இருப்பதில்லை.

இச்செய்யுளைப் பாடங்கேட்ட அன்று எனக்கு நகை தோன்றிற்று. சங்கப் பாட்டில் துயில் கெடுத்தது சேவல். அதனை ஒறுக்கும் கருவி பூனை. எங்கள் உறவினர் இல்லத்திலோ துயில் கெடுத்த குற்றவாளி பூனையேயாம். அதனை வைத்துக்கொள்வதா, பிறர்க்குக் கொடுத்துவிடுவதா என்னும் வழக்கு மூன்று திங்கள் நடந்தது. அவ்வழக்கை ஆராயப் புகுந்து யான் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன். இக்காலத்தே சேலத்திலும் நாமக்கல்லிலும் அயல்நாட்டுப் பூனைகளை விலை கொடுத்து வாங்கி வளர்ப்போர் பலராதலின், இஃது ஒரு வீட்டுச் செய்தி மட்டும் அன்று.

என் சிற்றப்பா நாமக்கல்லில் லாரி ஓட்டுகின்றார். பத்து நாள், பன்னிரண்டு நாள் வடநாட்டுச் சாலைகளில் கழித்து, இரண்டு மூன்று நாள் வீட்டில் தங்குவார். வீடு, ஒரே சுவரை இருபுறமும் பங்கிட்டுக்கொண்ட வரிசை வீடுகளுள் ஒன்று. பத்து வயதுள்ள தம் மகளின் விருப்பத்திற்கிணங்கிக் கடையொன்றிற் சயாம் பூனைக்குட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அதற்கு அவள் இட்ட பெயர் மணி. பெயருக்கேற்ப அஃது ஒலிக்கத் தொடங்கிற்று. ஓராண்டு நிரம்பியபின் நாள்தோறும் விடியற்காலை நான்கு மணிக்கு அது கத்தத் தொடங்கினால், கைக்குழந்தை வீறிட்டு அழுவதைப் போன்ற அக்குரல் மூன்று வீடுகளுக்குக் கேட்கும். அடுத்த வீட்டில் மெய்யாகவே ஒரு கைக்குழந்தை உண்டு. பூனையேனும் போகவேண்டும், குடித்தனமேனும் போகவேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியனுப்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு குடும்ப ஜெபம் முடிந்தபின் இச்செய்தி பேசப்பட்டது. மோகனூர்ப் பக்கம் காவிரிக் கரையில் விட்டுவிடலாம் என்றார் ஒருவர். கோழிப்பண்ணை ஒன்றில் விட்டால் எலி பிடித்துப் பிழைத்துக்கொள்ளும் என்றார் மற்றொருவர். சிறுமி ஒன்றும் பேசாது அழுதாள். சிற்றப்பா என்னை நோக்கி, "கண்ணு, பூனைமேல் எனக்கென்ன பகை? தூக்கங்கெட்டவன் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுக்கலாமா? என் கண் ஒரு நொடி மூடினால் எத்தனை வீட்டு விளக்கு அணையுமோ?" என்றார். அச்சொல்லுக்கு விடை கூற எவராலும் இயலவில்லை. பூனையின் துன்பம் ஒருபுறம். மனிதர் உயிர் மறுபுறம். மூன்று திங்கள் தவணை தருமாறு யான் வேண்டினேன். அவர் இசைந்தார்.

முதற்கண் அப்பூனையின் குலத்தைப் பற்றிச் சிறிது கூறுவேன். பூனை, பூசை, வெருகு என்பன நம் நூல்களில் வழங்கும் பெயர்கள். வெருகினைப் பூசை எனக் கூறுதலைத் தொல்காப்பிய மரபியல் ஏற்றுக்கொள்கின்றது. கம்பர் தம் அவையடக்கத்திற் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூசையைத் தமக்கு உவமையாகக் கூறிக்கொள்கின்றார். எனவே பூனை நமக்குப் பழைய உறவேயாம். மணியின் முன்னோரோ சயாம் எனப்பட்ட தாய்லாந்து நாட்டினர். பாங்காக்கில் ஆங்கிலேயத் தூதரகப் பணியிலிருந்த எட்வர்டு கௌல்டு என்பவர் 1884இல் இவ்வினத்துப் பூனைகள் இரண்டினை இங்கிலாந்திலிருந்த தம் உடன்பிறந்தாளுக்குக் கொடுத்தார். அவை ஈன்ற குட்டிகள் மறு ஆண்டில் லண்டன் பளிங்கு மாளிகைக் காட்சியில் வைக்கப்பட்டன. பின்னர் இவ்வினம் உலகெங்கும் பரவிற்று.

இவ்வினத்துக் குட்டிகள் பிறக்கும்பொழுது வெண்மையாயிருக்கும். பின்னர் முகமும் செவியும் காலும் வாலும் கருகும். ஏனைய உடல் வெளுத்தே நிற்கும். நிறத்தை உண்டாக்கும் நொதி ஒன்று இவற்றினுடலிற் சூடு மிகுந்த இடங்களிற் செயற்படாது, குளிர்ந்த நுனிகளில் மட்டும் செயற்படுவதே இதற்குக் காரணம். கண்களோ நீலநிறமுடையன. இவ்வழகைக் கண்டு மயங்கி வாங்குவோர் பலர். ஆனால் இவ்வினம் அழகிற்குப் பேர்போனது போலவே பேச்சிற்கும் பேர்போனது. கண்ணாற் கண்டு வாங்குகின்றோம்; அதன் குரலைப் பற்றி வினவி வாங்குவதில்லை. மணிக்கு வமிசாவளிச் சீட்டு ஒன்றும் கிடையாது. அதன் குரலே அதற்குச் சான்று.

இனி அக்குரலின் தன்மையை நோக்குவோம். 'மியாவ்' என்னும் ஒலியை எழுத்திலக்கணம் கற்ற மாணவர் கூர்ந்து கேட்டல் வேண்டும். இதழ் இரண்டும் பொருந்தி மகரம் பிறக்கின்றது. வாய் அங்காந்து ஆகாரம் விரிகின்றது. மீண்டும் வாய் குவிந்து வகரத்தில் அடங்குகின்றது. மில்ட்ரெட் மோயல்க் என்னும் அமெரிக்க அம்மையார் வீட்டுப் பூனையின் ஒலிகளை இம்முறையிலேயே ஆராய்ந்து 1944இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வாய்மூடி எழுப்புவன, வாய் திறந்து மெல்ல மூடுங்கால் எழுவன, வாயை இறுக்கித் திறந்தபடியே எழுப்புவன என மூவகையாக்கிப் பதினாறு ஒலிகளை அவர் பிரித்துக் காட்டினார். முதல்வகை அன்பிற்கும் வரவேற்பிற்கும் உரியது; இரண்டாவது வேண்டுதற்கு உரியது; மூன்றாவது சினத்திற்கும் நோவிற்கும் இணைவேட்கைக்கும் உரியது.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. குட்டிப்பூனை தாயை நோக்கி இவ்வாறு கத்தும். வளர்ந்த பூனைகள் தம்முள் ஒன்றையொன்று நோக்கி இங்ஙனம் கத்துதல் அரிது. மனிதரோடு வாழும் பூனையோ வளர்ந்தபின்னும் அக்குட்டிப்பேச்சை விடாது மனிதரிடமே பேசுகின்றது. நிக்கோலாஸ் நிக்காஸ்ட்ரோ என்பவர் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் குரலையும் வீட்டுப்பூனையின் குரலையும் பதிவுசெய்து மக்களைக் கேட்கச் செய்தார். வீட்டுப்பூனையின் குரலே இனியதென அவர்கள் கூறினர். அவ்வாராய்ச்சி 2004இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக் கேரன் மெக்கோம்ப் அம்மையார் 2009இல் மற்றொன்று கண்டார். உணவு வேண்டும் பூனை, தன் மெல்லிய உறுமலுக்குள் குழந்தையின் அழுகையை ஒத்த உயர்ந்த ஒலியொன்றைக் கலந்து எழுப்புகின்றது. அதனைக் கேட்பார் வாளாவிருத்தல் அரிது. எனவே பூனையின் கத்தல் வெற்றொலி அன்று. நம்மை நோக்கிக் கூறப்படும் சொல்லாம். கூறப்படும் பொருளை அறியாமலே கூறுவாரை வீட்டினின்று நீக்குதல் அறமாமோ?

கத்தலின் காரணங்களை நோய், வேட்கை, இயல்பு என மூன்றாகப் பகுத்துக்கொள்ளலாம். நோயை முதலில் நோக்குதல் வேண்டும். அகவை முதிர்ந்த பூனை திடீரென இரவிற் கத்தத் தொடங்கினால், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரத்தலோ, இரத்த அழுத்தமோ, செவிட்டுத்தன்மையோ, மூளைத்தளர்ச்சியோ காரணமாகலாம். ஆண்பூனை சிறுநீர் கழிக்கமாட்டாது முக்கி முக்கிக் கத்துமாயின், அது நீர்த்தாரை அடைப்பாதலும் கூடும். ஓரிரு நாளில் உயிரைக் கொண்டுபோகும். அந்நேரமே மருத்துவரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். இவற்றை அறியாது அடிப்பதும் இருட்டறையில் அடைப்பதும் கொடுமையாகும்.

நாமக்கல்லார் இவ்வகையிற் பேறு பெற்றவர். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தோன்றியது. அதற்கு அடுத்ததாகத் தமிழ்நாட்டில் 1985இல் ஏற்பட்டது நாமக்கல் கல்லூரியே. கறவை மாட்டிற்கும் ஆட்டிற்கும் மருத்துவம் நாடி வருவோர் நிறைந்த ஊரிற் கூடையிற் பூனையோடு கால்நடை மருத்துவரிடம் சென்று நிற்க எனக்குச் சிறிது நாணமாகவே இருந்தது. மருத்துவர் பல்லையும் செவியையும் வயிற்றையும் பார்த்து, நோய் ஒன்றுமில்லை என்றார். பின்னர் அவர் கேட்டவை மூன்று வினாக்கள்: பூனைக்குக் கருத்தடை அறுவை செய்ததுண்டா? பகலில் வீட்டில் யார் இருப்பர்? கத்தும்பொழுது என்ன செய்கின்றீர்கள்? அருகே ஆட்டுக்குட்டியோடு நின்ற முதிய உழவர் ஒருவர், "மாடு கத்தினால் பருவம் என்கிறோம், பூனை கத்தினால் மட்டும் பேய் என்கிறோமுங்க" என்று நகைத்தார். யான் பல நூல்களிலும் தேடியதனை அவர் ஒரு சொல்லிற் கூறிவிட்டார்.

இரண்டாவது காரணமாகிய வேட்கை இதுவே. பெண்பூனை பருவத்திற்கு வருங்கால் தரையிற் புரண்டு இரவும் பகலும் கூவும். இணைசேராவிடின் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அப்பருவம் மீளவும் வரும். பகற்பொழுது பெரிதுங் குறையாத நம் நாட்டில் ஆண்டின் எப்பகுதியிலும் இது நிகழலாம். அறுவை செய்தபின் இக்கூவல் அடங்கிவிடும். ஆண்பூனைக்கும் இதுவே வழி. காளைக்குக் காயடிப்பதை அறிந்த நம் உழவர்க்கு இதனை விரித்துக் கூற வேண்டுவதில்லை. மணிக்கு முதல் திங்களிலேயே அறுவை நடந்தது. இரவு முழுதும் கேட்ட கூவல் நின்றது. நான்கு மணிக் கத்தல் மட்டும் நின்றபாடில்லை.

வேட்கையுள் மற்றொன்று தனிமை. சிற்றன்னையார் வேலைக்குச் செல்கின்றார்; சிறுமி பள்ளிக்குச் செல்கின்றாள்; பாட்டியார் பின்னறையிற் படுத்திருப்பார். மக்களோடு மிக ஒட்டி வாழும் இவ்வினத்துப் பூனை பகலெல்லாம் தனியே உறங்கிவிட்டு, அந்தியிலும் வைகறையிலும் விழித்துத் துணை தேடும். அவ்விரு பொழுதும் பூனைக்கு இயற்கையாகவே வேட்டைப்பொழுது என்பதும் நினைவுகூரத் தக்கது.

இனி மருத்துவரின் மூன்றாம் வினாவிற்கு வருவோம். நான்கு மணிக்குப் பூனை கத்தியவுடன், அயலார் விழித்துக்கொள்வரே என்றஞ்சிச் சிற்றன்னையார் எழுந்து பால் வார்ப்பார். பால் கிடைத்தமையாற் கத்தல் பயனுடைத்தென்று பூனை கற்றுக்கொண்டது. ஒன்பது நாள் பொறுத்திருந்து பத்தாம் நாள் பொறாது எழுந்து ஊட்டினால், பத்து நாள் கத்தினாற் பயனுண்டு என்று அது கற்றுக்கொள்ளும். ஆதலின் கத்தும்பொழுது ஒன்றுங் கொடாமையும், கத்தாதபொழுது தானே சென்று கொடுத்தலும் வேண்டும். அந்தியிற் சிறுமி நூற்பந்தை இழுத்து அதனோடு அரைமணி நேரம் ஓடி விளையாடுவதும், இரவு பத்து மணிக்கு வயிறு நிறைய உணவளிப்பதும் புதிய வழக்கங்களாயின. பால் நிறுத்தப்பட்டது, வளர்ந்த பூனைகளிற் பலவற்றிற்கு அது செரிப்பதுமில்லை. பகலிற் பாட்டியாரின் அறைச் சன்னலில் அதற்கோர் இருக்கை அமைத்தோம்.

இம்முறையில் இடையூறு ஒன்றுண்டு. முன்பு கிடைத்தது கிடையாதொழியுங்கால், பூனை முதற் சில நாள் முன்னினும் உரத்துக் கத்தும். அதனை அறியாதார், முறை பயனற்றதென்று அந்நாளிலேயே கைவிடுவர். யாங்கள் முன்னரே அயல்வீடுகளுக்குச் சென்று, ஒரு வாரம் பொறுத்தருளுமாறு வேண்டினோம். கைக்குழந்தையின் தாய், "என் பிள்ளையும் அப்படித்தான், அழட்டும்" என்றார். எட்டு நாள் இரவு கடுமையாகவே இருந்தது. ஒன்பதாம் நாள் ஐந்து மணி வரை வீடு அமைதியாயிருந்தது.

எஞ்சி நிற்பது மூன்றாவதாகிய இயல்பு. கதவு திறந்தாற் பேசும். கதவு அடைத்தாற் பேசும். சிறுமி பள்ளியினின்று வந்தால் ஒரு நாழிகை ஓயாது பேசும். இதற்கு மருந்தில்லை, வேண்டுவதுமில்லை. இயல்பினை மாற்றல் ஆகாதாகலின், வீட்டை அதற்கேற்ப மாற்றவேண்டும். அன்றேல் பூனைக்கேற்ற வேறு வீட்டைத் தேடவேண்டும். 'கொடுத்துவிடலாமா' என்னும் வினா எழவேண்டிய இடம் இதுவே. நோயையும் வேட்கையையும் நோக்காமல் அவ்வினாவை எழுப்புவோர், தீர்க்கத்தக்க துன்பத்தோடு பூனையை வேறு வீட்டிற்கு அனுப்புகின்றனர். அங்கும் அது கத்தும், அங்கிருந்தும் அனுப்பப்படும்.

அங்ஙனமாயின் கொடுத்தல் எப்பொழுதும் குற்றமோ எனின், அன்று. செய்யத்தக்கன செய்தபின்னும் வீட்டார்க்கு உறக்கமும் பூனைக்கு அமைதியும் வாயாவிடின், தக்கார்க்குக் கொடுத்தலே இருவர்க்கும் நன்று. யாங்களும் அதற்கு ஏற்பாடு செய்தே வைத்திருந்தோம். சேலத்திலுள்ள எங்கள் பெரியம்மா ஒருவர் ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றுத் தனியே வாழ்கின்றார்; பேச்சுத்துணை வேண்டுமென்று இசைந்திருந்தார். கொடுக்குங்கால் கைக்கொள்ளத்தக்க முறைகள் சில உள. கத்தும் வழக்கத்தை மறையாது முன்னரே கூறல் வேண்டும். மறைத்துக் கொடுப்பது நொண்டி மாட்டைச் சந்தையில் தள்ளுவதை ஒக்கும். தடுப்பூசிச் சீட்டையும், பழகிய உணவையும், அது படுத்துறங்கிய துணியையும் உடன் அனுப்பல் வேண்டும். புதிய வீட்டில் முதற் சில நாள் ஓர் அறையிலேயே வைத்திருத்தலும், சில வாரங்கள் வெளியே விடாதிருத்தலும் வேண்டும். இன்றேல் பழைய வீட்டை நாடி ஓடிச் சாலையில் அழியும். ஒத்துவராவிடின் திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்னும் உறுதியும் கொடுத்தல் வேண்டும்.

ஆற்றங்கரையில் விடுதலோ முற்றிலும் வேறு. வீட்டுக்குள் வளர்ந்த பூனைக்கு நாயும் தெரியாது, இரைதேடலும் தெரியாது. கோழிப்பண்ணையில் விடுதலும் தகாது. பண்ணையார் நோய்க்கு அஞ்சி வேற்று விலங்குகளை உள்ளே விடார். பறவைக் காய்ச்சலோ பூனையையும் பற்றிக் கொல்லவல்லது. மாநிலங்களவை நியமன உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் விலங்குகளின்பொருட்டுச் செய்த முயற்சியின் பயனாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. பசியாலோ நீர்வேட்கையாலோ துன்புறத்தக்க நிலையில், தக்க காரணமின்றி விலங்கைக் கைவிடுதலை அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு குற்றமென விதிக்கின்றது. முதற் குற்றத்திற்கு அது விதித்த தண்டம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. தண்டம் சிறிதாயினும் கடமை சிறிதன்று. தன் விலங்கின் உயிரைப் பேணுதலை நீதிமானுக்கு அடையாளமாக நீதிமொழிகள் என்னும் வேதபுத்தகம் கூறுதலையும் நாம் மறத்தற்கில்லை.

வைணவப் பெரியோர் இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவை விளக்க இரு நியாயங்கள் கூறுவர். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். இது வடகலையார் கூறும் மர்க்கட நியாயம். பூனைக்குட்டியைத் தாய் தானே கவ்விச் செல்லும். குட்டி செய்வது கூவுதல் ஒன்றே. இது தென்கலையார் கூறும் மார்ச்சார நியாயம். விலை கொடுத்து வாங்கிய பூனை நம் வீட்டில் இரண்டாவது நிலையிலேயே உள்ளது. அது நம்மைத் தேர்ந்து பற்றியதன்று. நாமே கவ்விக்கொண்டு வந்தோம். ஆதலின் எங்கே இறக்கி வைப்பது என்னும் பொறுப்பும் நம்முடையதேயாம். அது கூவுகின்றதென்று வாயைத் திறந்து நழுவவிடுதல் தாய்க்குத் தகாது. வேறு நல்லிடம் கண்டு மெல்ல இறக்கி வைத்தல் தகும்.

தவணை முடிந்த நாளிற் சிற்றப்பா மகாராஷ்டிரத்தினின்று இரவு மூன்று மணிக்கு வீடு வந்தார். மணியை முன்னரே பாட்டியாரின் பின்னறையில் விட்டுக் கதவடைத்திருந்தோம். அவர் வீட்டிலிருக்கும் நாள்களில் அதற்கு அதுவே இடமென முடிவு செய்திருந்தோம். அவர் முன்னறையில் மறுநாள் நண்பகல் வரை உறங்கினார். எழுந்து உண்டபின், பெரியம்மாவிற்கு என்ன விடை எழுதுவது என்று யான் கேட்டேன். அவர் சிறிது நேரம் சிந்தித்து, "பூனை இங்கேயே இருக்கட்டும். பேச்சுத்துணைக்கு மாதம் ஒருமுறை நீங்கள் எல்லோரும் போய் வாருங்கள்" என்றார்.